எட்டு அங்குலத் தொலைநோக்கி

அரியலூர்
ஞாயிறு மாலை

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. தண்ணீர் மோட்டார் சரியாகிவிட்டது. கத்தாரில் இப்போது குளிராமே.

போனில் கேட்டால் எதற்கும் சரி என்று சொல்லிவிடுவேன். அதனால் தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

எந்தத் தொலைநோக்கி வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். அதே செய்தியின் கடைசியில், கம்பெனி இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்கிறது, கையெழுத்துப் போடட்டுமா என்றும்.

நேற்று குன்னம் போயிருந்தேன். எங்கள் கல்லூரிப் பரணிதரன் சாரின் வயல். சோளம் அறுத்த வெற்று நிலம், நல்ல இருட்டு. அவரிடம் இரண்டு வகையும் இருக்கின்றன. சிறியது லென்ஸ் வைத்தது. சனியின் வளையம் ஊசியால் கீறியதுபோல் தெரிந்தது. பெரியது எட்டு அங்குலக் கண்ணாடி. ஓரியன் நட்சத்திரக் கூட்டத்தின் இடுப்புக்குக் கீழே மங்கலாகத் தெரியும் ஒளி, அதில் இறக்கை விரித்திருந்தது.

பார்த்து முடித்ததும் சாரும் அவர் மனைவி ஜெயசித்ராவும் பெரியதை ஆளுக்கொரு பக்கம் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். "வரப்பப் பாத்து கால வைங்க. போன தடவ மாதிரி வுழுந்து வைக்காதீங்க" என்றார் அவர். "நீ பேச்சக் கொறச்சுட்டுப் புடி" என்றார் சார். வாசல்வரை சண்டை. குழாய் மட்டும் ஆடவேயில்லை. நான் டார்ச் அடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன்.

எல்லாக் காரணமும் சிறியதன் பக்கம்தான். உங்களோடு வேலை செய்யும் காசிநாதன் அண்ணன் லீவில் வரும்போது பெட்டியில் வைத்துக் கொண்டுவந்துவிடுவார். மூடிய குழாய், சுண்ணாம்புக்கல் லாரிகளின் தூசு உள்ளே போகாது. நான் ஒருத்தியே மாடிக்குத் தூக்கிவிடலாம். நீங்கள் போனதிலிருந்து கேஸ் சிலிண்டரையும் அப்படித்தான் ஏற்றுகிறேன்.

அத்தையிடம் பெரியதன் படத்தைக் காட்டினேன். "வெறுங்கண்ணுக்கே நெலா தெரியுது. அதுக்கு எதுக்குடி பீரங்கி?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எம் மவன் இல்லாம இத யாரு மேல ஏத்துறது?" என்றார்.

எனக்குப் பெரியதுதான் வேண்டும்.

அனுப்ப வேண்டாம். யார் பெட்டியிலும் அடங்காது. சென்னையில் கிடைக்கிறதாம். நேரில் போய்ப் பார்த்து வாங்க வேண்டும்.

நம் மாடிப்படி குறுகல். திருப்பத்தில் சுவர் இடிக்கும். கனமான பக்கம் கீழே வரும், அதை நீங்கள் பிடியுங்கள். நான் மேலிருந்து திட்டிக்கொண்டே வருகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
ஜெயசுதா