உனக்காக நான் கொடுத்த மிஸ்டு கால்கள்

அத்தை,

என் உள்ளங்கையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கறை இருக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவினேன், சாம்பல் வைத்துத் தேய்த்தேன், போகவில்லை. காலையில் நாக்குக்கு அடியில் ஒளித்து வைத்திருந்து, நர்சம்மா வாசலைத் தாண்டியதும் கையில் துப்பிய மாத்திரைகளின் கறை. அதன் வாசனை உனக்குத் தெரியும். துருப்பிடித்த தகரத்தை நக்கியதுபோல் இருக்கும். அது மூக்கில் ஏறும்போதெல்லாம் உன் முகம் வருகிறது. வர வேண்டாம் என்று நினைத்தாலும் வருகிறது.

அப்பாவின் போனில் டார்ச்சைப் போட்டு, கம்பளிக்குள் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். சமூக அறிவியல் நோட்டின் கடைசிப் பக்கங்கள். இருமல் வந்தால் கம்பளியைக் கடித்துக்கொள்கிறேன். அம்மா விழித்துக்கொண்டால் இந்தத் தாள் அடுப்புக்குப் போய்விடும்.

செத்துப்போனவர்களைப் பற்றி எல்லோரும் நல்லதாகத்தான் பேசுகிறார்கள். உன் காரியத்தன்றும் அப்படித்தான் பேசினார்கள். என்னால் முடியாது. எனக்கு உன் மேல் ஆத்திரம். நாளைக் காலை நர்சம்மா மறுபடி வருவார். மாத்திரையை முழுங்குவதா, துப்புவதா என்று அதற்குள் நான் முடிவு செய்ய வேண்டும். முழுங்க வேண்டுமென்றால், நீ எதனால் செத்தாய் என்பதைச் சொல்ல வேண்டும். அது எனக்கு மட்டும்தான் தெரியும். இப்படி ஒரு இடத்தில் என்னை நிறுத்திவிட்டு நீ போய்விட்டாய்.

நீ அப்பாவின் அக்கா. மாமா உன்னை விட்டுப் போன பிறகு ஒரு தகரப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தாய். வந்த நாளிலிருந்து உன் வாய்க்கு நான்தான் தீனி. நான் நோட்டைத் திறந்தால் போதும். "எல்லாம் தள்ளி ஒக்காருங்கடா, கலெக்டரம்மா கையெழுத்து போடறாங்க" என்பாய். சாமை புடைக்கும்போது தும்மினால், "இந்த ஒடம்ப வெச்சிக்கினு நீ இன்னா மலையில பொழைக்கப் போற" என்பாய். உன் இருமல்தான் இன்று என் நெஞ்சுக்குள் இருக்கிறது. நீ இருந்தால் இதற்கும் ஏதாவது சொல்லிச் சிரித்திருப்பாய்.

உனக்கு டி.பி. என்று தெரிந்த வாரம் நர்சம்மா மாத்திரை அட்டைகளோடு மலையேறி வந்தார். கோணிப்பையை விரித்து உட்கார்ந்து, ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"காலைல வெறும் வயித்துல மூணையும் முழுங்கணும்க்கா. ஒண்ணுக்கு, வேர்வை, கண்ணீர் கூட செவந்து போவும். அது ரத்தமில்ல, மருந்தோட நெறம். பயந்துக்காதீங்க. இருமல் நின்னுட்டாலும் நிறுத்தக் கூடாது. ஒரு நாள் உட்டுட்டா மறுநாள் சேத்துப் போடக் கூடாது, எங்கிட்ட சொல்லணும். வாந்தி நிக்கல, கண்ணு மஞ்சளா தெரியுதுன்னா அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு வரணும். நாட்டு மருந்து எடுத்தாலும் சொல்லணும். சாராயம் வேணவே வேணாம்."

நீ அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாய். "மூணு மாத்திரைக்கு இத்தினி சட்டமா? எம் மாமியாகூட இவ்ளோ போடலியே."

நர்சம்மாவே சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பில் அவர் சொன்னதில் பாதி போய்விட்டது.

பிறகு என்னைக் கூப்பிட்டு அட்டையைக் காட்டினார். மாத்திரையை அழுத்தி வெளியே எடுத்தால் அதன் பின்னால் ஒரு போன் நம்பர் தெரியும். முழுங்கியதும் அந்த நம்பருக்கு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். அன்றைய மாத்திரை உள்ளே போய்விட்டது என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். கால் வராவிட்டால் தேடிக்கொண்டு வருவார்கள்.

"எனக்கு எந்த நம்பரு தெரியும்? இந்த வூட்ல அத படிக்கத் தெரிஞ்சவ கலெக்டரு ஒருத்திதான்" என்று சொல்லி என் தலையில் தட்டினாய். நீ என்னைப் பற்றிச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது. அதற்காகத்தான் தினமும் ஓடினேன். எங்கள் ஊரில் டவர் கிடைப்பது கடுக்காய் மரத்துக்கு மேலே இருக்கிற பாறையில் மட்டும்தான். நீ முழுங்கியதும் அப்பாவின் போனை எடுத்துக்கொண்டு பாறைக்கு ஓடி, நம்பரை அழுத்தி, மணி அடித்துக் கட் ஆகும்வரை நின்றுவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு ஓடுவேன். மூச்சு வாங்கினாலும் பெருமையாக இருந்தது.

ஒரு மாதத்தில் உன் இருமல் அடங்கியது. கன்னம் ஒட்டியிருந்தது போய் முகம் தெளிந்தது. அப்போதுதான் மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்டுக்கு ஆள் செட்டு கிளம்பியது. வருஷா வருஷம் போகிற நீ இந்த வருஷமும் போகிறேன் என்றாய். மாத்திரையை எடுத்துப் போவதாக அப்பாவிடம் சொன்னாய். என்னைத் தனியாக மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் கூப்பிட்டு, அட்டைகளை என் கையில் திணித்தாய்.

"அங்க பொம்பளைங்க எல்லாம் ஒரே வரப்பு ஓரமாதான் ஒதுங்குவோம். எனக்கு மட்டும் செவப்பா போனா சாயங்காலத்துக்குள்ள மேஸ்திரி காதுக்குப் போயிடும். சீக்குக்காரின்னு அப்பவே டிராக்டர்ல ஏத்தி உட்ருவான். அதுக்கப்புறம் எந்தச் செட்டுலயும் சேக்க மாட்டான்."

"அப்ப மாத்திரை?"

"வெட்டு முடிஞ்சி வந்து முழுங்கிக்கறன். நீ தெனம் பிரிச்சி, நம்பர பாத்து, போன அடிச்சிரு."

"நர்சம்மாக்கு தெரிஞ்சா?"

"நீ சொன்னாதான் தெரியும். சொல்லுவியா?"

உன் கண்ணைப் பார்த்து யாரால் சொல்ல முடியும்? தலையாட்டினேன். எட்டாம் வகுப்புப் படிக்கிற ஒருத்தியிடம் அப்படிக் கேட்க உனக்கு எப்படி வாய் வந்தது? நான் தலையாட்டியிருக்கக் கூடாது என்று நீ இப்போது சொல்வாய். சொல்லாதே. நீ பெரியவள்.

தினமும் அழுத்தி எடுத்தேன். அப்பாவுக்குத் தெரியாமல் போனை எடுத்துப் போய், தினமும் பாறையில் நின்று கால் கொடுத்தேன். எடுத்த மாத்திரைகளை எறியப் பயம். கோழி கொத்திவிட்டால்? தம்பிக்கு நாலு வயது, மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொண்டால்? ஒரு ஊறுகாய் பாட்டிலைக் கழுவி அதில் சேர்த்து, சாமை மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். பாட்டில் நிறைய நிறைய எனக்குத் தூக்கம் குறைந்தது. கணக்கு வகுப்பில் சார் கேள்வி கேட்டால் அந்தப் பாட்டில்தான் கண்ணில் தெரியும்.

பங்குனியில் நீ திரும்பி வந்தபோது ரவிக்கை உன் தோளில் நிற்கவில்லை. துண்டில் ரத்தம் துப்பினாய். அடுத்த வாரம் சளி எடுக்க வருவதாக நர்சம்மா சொல்லியனுப்பியிருந்தார். நான் பாட்டிலைத் தூக்கிவந்து உன் முன்னால் வைத்து அழுதேன்.

"நான் மாட்டிக்குவன். நான் அடிச்ச போனெல்லாம் பொய்யின்னு தெரிஞ்சிடும். அப்பா என்னைக் கொன்னுடும். எல்லாம் உன்னாலதான்."

நீ பாட்டிலைக் குலுக்கிப் பார்த்தாய். கழுத்துவரை இருந்தது. எப்போதும்போல் திட்டுவாய் என்று நினைத்தேன். நீ திட்டவில்லை.

"அழுவாத. இதெல்லாம் என் மாத்திரதான? நானே முழுங்கிட்டா நீ அடிச்ச போனெல்லாம் நெஜமாயிடும் இல்ல?"

"சேத்துப் போடக் கூடாதுன்னாங்க அத்த."

"அவங்க ஆயிரம் சொல்லுவாங்க. போயி தண்ணி கொண்டா, கலெக்டரு."

நான் தண்ணீர் கொண்டுவந்தேன். இதைத்தான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. நான்தான் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தேன். நீ ஒரு கைப்பிடி அள்ளி, நாலைந்தாக முழுங்கினாய். மறுநாளும் ஒரு கைப்பிடி. அதற்கடுத்த நாளும். பாதி பாட்டில் தீர்ந்தபோது காய்ச்சல் அடித்தது, கஞ்சி வயிற்றில் நிற்கவில்லை. பிறகு உன் கண்ணில் மஞ்சள் ஏறியது. நர்சம்மா முதல் நாளே சொன்ன அதே மஞ்சள். அன்றைக்கே போயிருக்க வேண்டும். "பித்தம்தான், கீழாநெல்லி அரைச்சிக் குடு" என்று அம்மாவிடம் சொல்லி இரண்டு நாளை ஓட்டிவிட்டாய்.

கீழே ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். "மாத்திரை எப்படி சாப்பிட்டீங்கம்மா? உண்மையைச் சொல்லுங்க."

"நர்சம்மா சொன்ன மாதிரிதாங்க. ஒரு நாள் தவறலீங்க. போனு போயிருக்குமே, பாருங்களேன்."

அவர் பார்த்தார். எல்லா நாளும் கால் போயிருந்தது. நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தேன். நீ என்னைப் பார்த்தாய். வாயைத் திறக்காதே என்கிற பார்வை. திறந்திருந்தால் அவர் வேறு விதமாக வைத்தியம் பார்த்திருப்பாரா? நீ பிழைத்திருப்பாயா? தெரியாது. கேட்க ஆளில்லை. அந்த வாரமே போய்விட்டாய். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு போனாய். யார் உன்னைக் காப்பாற்றச் சொன்னது? அப்பா நாலு அடி அடித்திருப்பார். வலி அடங்கியிருக்கும். இது அடங்கவில்லை.

உன்னை எடுத்த அன்று நர்சம்மா வந்தார். அப்பா எல்லோர் முன்னாலும் கத்தினார். "ஒழுங்கா முழுங்கினதுக்கே எங்க அக்காவ கொன்னுட்டிங்களே! வெஷத்த குடுத்துட்டு மாலை வேற கொண்டாந்தியா?" நர்சம்மா மாலையைக் கீழே வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு ஊரில் இன்னும் இரண்டு பேர் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். உன் பெயரைச் சொல்லித்தான் நிறுத்தினார்கள்.

இப்போது எனக்கு. பள்ளிக்கூடத்தில் இருமல் நிற்கவில்லை என்று சளியைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள், டி.பி. என்று வந்துவிட்டது. நர்சம்மா எனக்கு ரத்தம் எடுத்து, ஈரல் நன்றாக இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் ஆரம்பித்தார். முதல் இரண்டு வாரம் நேரில் வந்து கொடுக்கிறார். ஒவ்வொரு காலையும் டார்ச் அடித்து என் கண்ணைப் பார்க்கிறார். "உங்க அத்தைக்கு ஏன் ஒத்துக்காம போச்சின்னு எனக்கு இன்னும் புரியலம்மா" என்று நேற்றுச் சொன்னார். மறுபடியும் ஒருமுறை டார்ச்சை அடித்துப் பார்த்தார். பெரியவர்கள் என்னால் பயப்படுவதைப் பார்ப்பது எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது தெரியுமா?

அவர் போனதும் அம்மா உள்ளே வந்து என் கையைப் பிடித்து விரிப்பாள். "துப்பு." துப்பியதை எண்ணுவாள். மூன்றும் இருந்தால்தான் நகருவாள். மாத்திரையை முழுங்கினேனா என்று பார்க்க ஒருத்தி, முழுங்கவில்லையே என்று பார்க்க இன்னொருத்தி. "உங்க அத்தையாட்டம் உன்னையும் தூக்கிக் குடுக்க என்னால ஆவாதுடி" என்று அழுகிறாள். அவள் அழும்போது, இல்லம்மா, அந்த மூன்று மாத்திரை அத்தையைக் கொல்லவில்லை, கைப்பிடி கைப்பிடியாகப் போட்டதுதான் கொன்றது என்று சொல்ல வாய் வரை வருகிறது. சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்பாள். தண்ணீர் கொடுத்தது யார் என்பாள்.

இன்று ஆறாம் நாள். நேற்று ஒன்றே ஒன்றை முழுங்கிவிட்டு, ஒன்று கரைந்துவிட்டது என்று அம்மாவிடம் பொய் சொன்னேன். பிறகு அதற்கும் பயந்தேன். பாதி பாதியாகப் போட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும், பிறகு எதுவும் கேட்காது என்று நர்சம்மா சொல்லியிருக்கிறார். எனக்குச் சாகப் பயமாக இருக்கிறது அத்தை. அப்பாவை நினைத்தாலும் பயமாக இருக்கிறது. இரண்டில் எது பெரியது என்று ஆறு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்று மாலை தம்பி என் எச்சில் தம்ளரில் தண்ணீர் குடிக்கப் போனான். பிடுங்கி எறிந்தேன். அவன் அழுதான். நான் முழுங்காவிட்டால் என் இருமல் அவனுக்கும் வரும். இதை எழுதும்போது முடிவாகிவிட்டது.

வாயால் சொல்ல எனக்கு வராது. உன்னைப் போல் எனக்கு வாய் கிடையாது. அதனால் இந்தத் தாள்களைக் கிழித்து மடித்து, நாளைக் காலை நர்சம்மா டார்ச் அடிக்கும்போது அவர் கையில் வைத்துவிடுவேன். கூடவே பாட்டிலையும். நீ முழுங்காமல் விட்ட மீதிப் பாதி இன்னும் சாமை மூட்டைக்குப் பின்னால்தான் இருக்கிறது. அவர் படிக்கட்டும். அப்பாவுக்கும் படித்துக் காட்டட்டும். உன்னைத் திட்டியதும் அதில் இருக்கும், தண்ணீர் கொண்டுவந்ததும் இருக்கும். அப்பா அடித்தால் அடிக்கட்டும்.

உன்னை நான் மன்னிக்கவில்லை. நீ முழுங்கியதால் என் போன்கள் நிஜமாகவில்லை அத்தை. ஒன்றுகூட ஆகவில்லை. நீதான் இல்லாமல் போனாய்.

நாளை மூன்றையும் எல்லோரும் பார்க்க முழுங்குவேன். முழுங்கிய பிறகு வாயைத் திறந்து அம்மாவிடம் காட்டுவேன். என்னால் இப்போது ஓட முடியாது, பாறைக்கு மெதுவாகத்தான் ஏற வேண்டும். நடுவில் இரண்டு இடத்தில் உட்கார வேண்டியிருக்கும். ஆனாலும் ஏறி, என் அட்டையின் நம்பருக்கு நானே ஒரு கால் கொடுப்பேன்.