இரண்டாவது ரத்தம்

தம்பிக்கு,

நேரில் பேசுவதில்லை என்று இருவருமே பிடிவாதமாக இருப்பதால், இதை நர்ஸிடம் கொடுத்தனுப்புகிறேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்த என்னை, ஒரு வார்த்தை பேசாமல் பைக்கில் ஏற்றித் தஞ்சாவூர் வரை கொண்டுவந்தாய். வீண் அலைச்சல். வெறும் வாயு. ரத்தத்தில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

உடனே கிளம்பினேன். டாக்டரம்மா விடவில்லை. "இப்ப சரியா இருந்தா போதாதுங்க. இதயம் அடிபட்டிருந்தா ரத்தத்துல ஒரு அளவு ஏறும்; அது தெரியறதுக்கு நேரமாகும். மதியம் இன்னொரு தடவை எடுத்துப் பார்க்கணும்" என்கிறார். அதுவும் நியாயம்தான். ஆற்றில் தண்ணீர் விட்டால், மதகில் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டா வீட்டுக்குப் போகிறோம்? ஏறுகிறதா என்று நின்றுதானே பார்க்கிறோம். ஆனால் எனக்கு ஏறாது.

நீ வாசலில் உட்கார்ந்திருக்க வேண்டாம். இன்று வாய்க்காலில் உன் முறை. போய் மடையைத் திற. என் வயலுக்கு நாளைக்கு நானே வந்து பாய்ச்சிக்கொள்வேன்.

இதைக் கொடுத்தனுப்புவதற்குள் கண்ணயர்ந்துவிட்டேன். மதியம் எடுத்த ரத்தத்தைப் பார்த்துவிட்டு டாக்டரம்மாவே வந்தார். ஏறியிருக்கிறதாம்.

மடையை உன் வீட்டுக்காரி திறக்கட்டும். நீ உள்ளே வா.

உன் அண்ணன்