ரத்தம் சொன்னதும் நீ கேட்டதும்

அம்மாடி,

நீ தூங்குகிறாய், எழுப்பவில்லை. ரத்தப் பரிசோதனைக்குத் தனியாகவே போகிறேன். நேற்று நீ பேசிய பேச்சுக்கு, உன்னோடு ஒரே வண்டியில் உட்கார்ந்தால் எனக்குக் கொதிப்பு ஏறிவிடும்.

சமைத்து மூடி வைத்திருக்கிறேன். உப்பில்லை. உப்பை நீ நகைப் பெட்டியில் வைத்துப் பூட்டியதிலிருந்து இந்த வீட்டு எறும்புகளுக்கும் பத்தியம்தான்.

இதயம் தளர்ந்தால் ரத்தத்தில் ஏறுமாமே ஒரு பொருள், அதைப் பற்றி டாக்டர் என்ன சொன்னார்? "அளவு இன்னும் கூடத்தான் இருக்கு, மறுபடி அட்மிட் ஆக வாய்ப்பு உண்டு. ஆனா ஆஸ்பத்திரிக்கு வந்தப்ப இருந்ததுல பாதிக்கு மேல குறைஞ்சிருக்கு, அது நல்ல அறிகுறி." 'ஆனா'வுக்கு அப்புறம் உனக்குக் காது அடைத்துவிட்டதா? உடனே, கிடைத்த வெளியூர் வேலையை வேண்டாமென்று சொல்லப் போகிறாயாம்! "அப்பாவ யாரு பாத்துப்பா?" என்று சித்தியிடம் அழுகை வேறு. நான் என்ன அடுப்பில் வைத்த பாலா, பொங்குகிறதா என்று பக்கத்திலேயே நின்று பார்க்க?

ஒரு சொட்டு ரத்தத்தைக் கேட்டாய், பக்கத்தில் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்த என்னைக் கேட்டாயா? இன்று அளவு எப்படி வந்தாலும் நீ வேலையில் சேருகிறாய். மறுபடி ஆஸ்பத்திரியில் படுத்தால் நோயாளியாகப் படுத்துக்கொள்கிறேன். மகள் பிழைப்பைக் கெடுத்தவனாகப் படுக்க மாட்டேன்.

அப்பா

மாத்திரை போட்டாயிற்று. உடம்பில் நீர் சேர்கிறதா என்று தினமும் எடை பார்த்துப் போனில் சொல்கிறேன், ஏறினாலும் மறைக்க மாட்டேன்.

நீ வாங்கித் தந்த பெரிய செருப்பு வாசலிலேயே கிடக்கிறது. வெறுங்காலோடு போய்விட்டேன் என்று கத்தாதே. வீக்கம் வடிந்து, பழைய செருப்பே காலில் நுழைந்துவிட்டது.