இலவச முகாம் என்று நான் ஒட்டிய அறிவிப்பு

என் பிரியமான கமலா அக்கா,

உனக்கு நல்ல செய்தியோடு எழுத வேண்டும் என்றிருந்தேன். வெட்கத்தோடு எழுதுகிறேன்.

பருத்திப்பட்டில் எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்கு இப்போதும் நான்தான் செயலாளர். மேல்மாடிக்குப் புதிதாக வந்திருக்கும் இளம் மருத்துவர் ஒருநாள் கேட்டார்: "சார், நம்ம பிளாட்ஸ்ல இருக்கிற ஸ்கூல் பொண்ணுங்களுக்கும் அவங்க வீட்ல இருக்கிறவங்களுக்கும் எண்டோமெட்ரியோசிஸ் பத்திப் பேசலாமா?"

உன் வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்த பிறகுதானே நம் வீட்டுக்கு அந்தப் பெயர் தெரிந்தது? கருப்பையின் உள்ளே இருப்பதைப் போன்ற திசு, வெளியே வளர்ந்து வலிக்கும் நோய். அதுவரை நீ மாதாமாதம் சுருண்டு படுத்ததைச் 'சூடு' என்று சொல்லி மோரில் வெந்தயம் கொடுத்தோம். "பதினாறு வயசுலயே யாராவது இந்தப் பேரைச் சொல்லியிருக்கலாம்டா" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் சொன்னாயே.

உடனே சரி என்றேன். "பள்ளிக்குப் போகமுடியாத அளவுக்கு மாதவிடாய் வலியா?" என்று மருத்துவர் தலைப்பு எழுதித் தந்தார். இதை லிஃப்டில் எப்படி ஒட்டுவது, யார் என்ன நினைப்பார்களோ என்று தயங்கினேன். எழுதி எழுதிக் கிழித்தேன். கடைசியில், "இலவச உடல்நல விழிப்புணர்வு முகாம். அனைவரும் வருக" என்று கண்ணியமாக ஒட்டினேன்.

ஞாயிறு காலை கூடம் நிறைந்தது, அக்கா. எல்லாம் என் வயது ஆண்கள். கையில் பழைய மருந்துச் சீட்டுகள். பள்ளிப் பெண் ஒருத்திகூட இல்லை.

"இன்னா செக்ரட்டரி சார், டீகூட குடிக்காம வெறும் வயித்தோட வந்துகீறேன். சுகருக்கு எப்போ ரத்தம் எடுப்பாங்க?" என்றார் இரண்டாம் மாடி முனுசாமி.

"உன்கிட்ட ரத்தம் இருந்தாத்தானே எடுப்பாங்க, மாமே!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

மருத்துவர் என்னைப் பார்த்தார். நான் மைக் ஒயரைப் பார்த்தேன். அவரே எழுந்து விஷயத்தைச் சொன்னார். சிரிப்பு நின்றது. பலர் மெல்ல நழுவினார்கள். முனுசாமி மட்டும் என்னிடம் வந்தார்.

"எம் பேத்தி திவ்யா மாசாமாசம் சுருண்டுகினு வாந்தி எடுக்குது சார். பரீட்சைகூட எழுதல. எல்லாருக்கும் வர்றதுதான், நடிக்காதன்னு ஊட்ல திட்டிகினு கீறோம். இன்னா விஷயம்னு எழுதியிருந்தா கையோட இட்டுகினு வந்திருப்பேனே. இப்போ அது டியூஷன்ல கீது. இதுல மறைக்க இன்னா கீது சார்?"

கண்ணியம் என்று நான் காப்பாற்றியது யாருடைய மானத்தை? உன் வலியைப் பக்கத்து அறையிலிருந்து கேட்டு வளர்ந்த நானே இப்படி மூடி எழுதினால், வேறு யார் திறந்து எழுதுவார்கள்?

அன்று மாலையே முனுசாமி பேத்தியை மருத்துவரிடம் அழைத்துப்போனார். மருத்துவர் எல்லாம் கேட்டுவிட்டு, பெண்கள் நோய் நிபுணரைப் பார்க்க எழுதிக்கொடுத்திருக்கிறார். அந்த நோய்தானா என்று இன்னும் தெரியாது. ஆனால், "நீ நடிக்கலம்மா, இவ்வளவு வலி சாதாரணமில்ல" என்று மருத்துவர் சொன்னதும் அந்தப் பெண் தேம்பித் தேம்பி அழுதாளாம்.

வரும் ஞாயிறு மறுபடியும் கூட்டம். மருத்துவர் தந்த தலைப்பை ஒரு எழுத்தும் மாற்றாமல் ஒட்டிவிட்டேன். அது போதாது என்று தெரியும். பெண்பிள்ளைகள் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் நாளை நானே போய் அழைப்பேன். குரல் நடுங்கத்தான் செய்யும். நடுங்கினாலும், கதவைத் திறப்பவர்களிடம் "என் அக்காவுக்கு இருந்தது" என்றுதான் ஆரம்பிப்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் பயந்தாங்கொள்ளித் தம்பி,
ரகுபதி