வெந்த மண்ணும் நாற்பது பச்சைக் கன்றுகளும்

அன்புள்ள மகள் லோசலினிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உன் இரண்டு பன்றிகளும் நலம், உன் நலத்தைக் கர்த்தர் பார்த்துக்கொள்கிறார் என்று நம்புகிறேன், ஏனென்றால் நீ அனுப்பிய படத்தில் உன் கழுத்தெலும்பு முந்திக்கொண்டு தெரிகிறது. நியூசிலாந்துக் குளிரில் ஈரத் தலையோடு நாற்றங்காலுக்குப் போகாதே, மரத்துக்குப் படிக்கப் போய் நீ மரமாகி விறைத்துவிடப் போகிறாய்.

இனி மலைச்சரிவு விஷயம். பைன் கன்று வளராவிட்டால் சரிவைத் தன் மாடுகளுக்கு விட வேண்டும் என்று உன் பெரியப்பா குலக் கூட்டத்தில் சொன்னதும், நமக்கு ஒரு வருஷம் தவணை கிடைத்ததும் உனக்குத் தெரியும். மிஷன் பள்ளியில் இருக்கும் பழைய பைன் மரங்களின் அடி மண்ணில் வேருக்கு உதவும் பூஞ்சை இருக்கிறது, அதைக் கொண்டுவந்து அப்படியே நாற்றுப் பைகளில் கலக்கச் சொல்லி எழுதியிருந்தாய். கொண்டுவந்தோம். ஆனால் அந்த மண்ணில் கோரைக்கிழங்கும் புழுவும் நெளிந்தன, என் கை சும்மா இருக்குமா. லோவோ அடுப்புக் குழியில் கல்லைச் சுடவைத்து, வாழையிலை போட்டு, ஞாயிற்றுக்கிழமைப் பன்றியை வேகவைப்பதுபோல மூட்டை மூட்டையாக மண்ணை வேகவைத்தேன். புழு செத்தது, கோரை செத்தது, வேரோடு ஒட்டி வாழும் அந்தப் பூஞ்சையும் சேர்ந்து செத்தது எனக்கு எப்படித் தெரியும்? ஆறு மாதத்தில் இரண்டாயிரம் கன்றும் விரல் நீளத்தில் நின்று மஞ்சளாகிவிட்டன. உனக்கு எழுத வெட்கமாக இருந்தது, அதனால்தான் போன இரண்டு கடிதங்களிலும் பன்றியைப் பற்றியே எழுதினேன்.

தவணை முடிந்த அன்று காலையில் பெரியப்பா நாலு பேரோடு வந்தார். பார்த்துவிட்டு, இது பைனா மஞ்சக்கெழங்கா, அரைச்சு மூஞ்சில பூசிக்கலாமா என்றார். நான் தலை நிமிரவில்லை. அப்போது உன் அப்பா, கோழி திருடியவர்போல நெளிந்துகொண்டு, அடுப்படிக்குப் பின்னால கொஞ்சம் இருக்கு அண்ணே என்றார். போய்ப் பார்த்தால் நாற்பது பைகள், ஒவ்வொன்றிலும் ஒரு சாண் உயரத்துக்குப் பச்சைக் கன்று. கடைசி மூட்டையை வேகவைக்கச் சோம்பல்பட்டு அப்படியே நிரப்பிவிட்டு, என் வாய்க்குப் பயந்து ஒளித்து வைத்திருக்கிறார். இருபத்தாறு வருஷம் நான் திட்டித் தீர்த்த சோம்பல் அது.

பெரியப்பா இரண்டு பைகளைக் கிழித்தார். மஞ்சள் கன்றின் மண் பொலபொலவென்று உதிர்ந்தது. பச்சைக் கன்றின் மண் உதிரவே இல்லை, வேரெல்லாம் வெள்ளை நூல் ஓடிப் பிடித்திருந்தது. இலை ஆக்கும் இனிப்பில் வேர் இந்த வெள்ளை நூல் பூஞ்சைக்குப் பங்கு கொடுக்கும், அது வேர் எட்டாத இடத்திலிருந்து தண்ணீரும் சத்தும் கொண்டுவந்து தரும் என்று நீ எழுதியதை உன் அப்பா ஒப்பித்தார். அப்ப வீட்டோட மாப்பிள்ளைன்னு சொல்லு, ஆனா வேலை செய்யுற மாப்பிள்ளை என்று பெரியப்பா சிரித்தார். பிறகு, மண்ணை வேகவச்ச மகராசி யாரு என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அவர் ஒன்றும் தீர்ப்புச் சொல்லாமல் போய்விட்டார். மறுநாள் காலையில் குதிரைமேல் நாலு மூட்டை பைன் மண்ணோடு வந்து இறங்கினார். மஞ்சள் கன்றுகளுக்குப் பைக்கு ஒரு பிடி போட்டோம். இப்போது ஏழு வாரம் ஆகிறது, முக்கால்வாசிக்கு நுனி பச்சை கட்டிவிட்டது. மாடுகளை ஆற்றங்கரையிலேயே மேய்க்கிறார். தினமும் வந்து பையைக் கிள்ளிப் பார்த்து, வேகவச்சியா என்று கேட்டு என் உயிரை வாங்குகிறார்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும், சாப்பாட்டைத் தவறவிடாதே. பரீட்சை முடிந்ததும் டிசம்பரில் கப்பலோ விமானமோ கிடைத்ததில் ஏறு, மழை பிடித்ததும் நடவு. நீ போனபோது பொம்பளப் புள்ளைக்கு மரப் படிப்பு எதுக்கு என்று வழியனுப்பக்கூட வராத உன் பெரியப்பா நேற்றுச் சரிவில் நூல் கட்டி, முதல் வரிசையில யாரும் கை வைக்கக் கூடாது, அது லோசலினி நடுறதுக்கு என்று சொல்லிவிட்டார்.

உன் அம்மா,
வசிதி