அரிசிப் பானைக்குள் என்ஜின் ஹேண்டில்

14-2-2009, சனி

பனி. கருவாடு காயவில்லை, திருப்பிப் போட்டும் பிசுபிசுப்பு. மூட்டுவலி மாத்திரை தீர்ந்தது. வாங்க வேண்டும்.

மருமகள் சுமதி சிதம்பரத்திலிருந்து வந்தாள். முகம் சரியில்லை. கடல் தண்ணீரிலுள்ள, கண்ணுக்குத் தெரியாத உயிர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். இனி மாதம் ஒருமுறை ஆழத்துத் தண்ணீர் வேண்டும். கைடு சொன்னாராம், "கடலுக்கு ஒரு பையன் போகட்டும்மா. நீ லேப்ல இருந்து பாரு." பையன் போனால் ஆராய்ச்சிக் கட்டுரையில் முதல் பெயர் அவனுடையது. ஒரு வாரத்துக்குள் அவளே தண்ணீர் எடுத்துப்போய்க் காட்டினால்தான் வேலை அவள் கையில் நிற்கும்.

நம்மிடமே மீன்பிடி போட்டு இருக்கிறதே என்றேன்.

"அத்த, நீங்களே அதுல ஏறுனதில்ல."

உண்மை. என் வளையல்களை விற்று வாங்கிய போட்டு. காகிதத்திலும் என் பெயர், பக்கவாட்டில் பெயின்டிலும் என் பெயர். பெண் கால் பட்டால் மீன் படாதாம். கூடை தூக்கலாம், கூவி விற்கலாம். ஏறக்கூடாது.

16-2, திங்கள்

போட்டு ஓட்டுவது மகன் பாபுவும் கொழுந்தன் ஏழுமலையும். கேட்டேன்.

ஏழுமலை: "தண்ணிதான அண்ணி? கேன்ல மொண்டாந்து குடுத்துடுறோம். அதுக்கு எதுக்குப் பொம்பள?"

பாபு தரையைப் பார்த்தான். பெண்டாட்டி படிப்பை ஊரெல்லாம் பெருமை பேசுகிற வாய். இங்கே மட்டும் பூட்டு.

மதியம் தண்ணீர் வந்தது. டீசல் கேனில்! மேலே எண்ணெய் பல நிறமாய் மினுங்குகிறது. சுமதி மோந்து பார்த்தாள், கொண்டுபோய்க் கொட்டினாள்.

"நல்லா அலசித்தான் ஊத்துனேன்" என்கிறான் ஏழுமலை. நாளை இவனுக்கு அந்தக் கேனிலேயே ரசம் ஊற்ற வேண்டும்.

மாத்திரை வாங்க மறந்தாயிற்று.

17-2, செவ்வாய்

விடியுமுன் எழுந்து, ராத்திரி வீட்டில் வைக்கிற, என்ஜினைச் சுற்றிக் கிளப்புகிற ஹேண்டிலை அரிசிப் பானைக்குள் புதைத்தேன். அது இல்லாமல் என்ஜின் இருமக்கூட இருமாது. பானையை ஒட்டியே உட்கார்ந்தேன்.

ஏழுமலை வாசலில் கத்தல். "எல்லாப் போட்டும் போயிடுச்சு! ரெண்டெழுத்துப் படிச்சுட்டா சட்டம் பேசுறதா அண்ணி?"

"ரெண்டெழுத்து இல்லடா, முழுசாத் தெரியும். மீன் சுத்துற பேப்பர்ல நானாக் கத்துக்கிட்டது. போட்டுல எழுதியிருக்கிறது யாரு பேரு, நீ படி பாப்போம்."

பாபு: "யம்மா, ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். பல்லு வெளுக்கும்."

போட்டு கரையில். வீட்டில் உலை இல்லை, பானையை நான் திறக்கவில்லையே. எல்லாருக்கும் டீக்கடை பன். சாயந்தரம் பாபு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "நாளைக்கு அவளக் கூட்டிட்டுப் போறேன். ஹேண்டில குடும்மா."

18-2, புதன்

காற்று இல்லை. சுமதி சுடிதாரை முழங்கால்வரை மடித்துவிட்டு ஏறினாள். ஏழுமலை கண்ணை மூடிக்கொண்டான். பிறகு அவள் வைத்திருந்த குட்டி வலையைப் பார்த்து, "இதென்னா, டீ வடிகட்டியா?"

திரும்பும்போது சுமதிக்கு வாந்தியெடுத்துக் களைத்த முகம். மடியில் நாலு பாட்டில். அப்படியொரு சிரிப்பு, கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

மீன் மட்டும் அரைக்கூடை.

கரையில் எல்லார் காதிலும் விழ ஏழுமலை: "சொன்னனே! பொம்பள ஏறுனா இதான் கதி. அடுத்த மாசம் நடக்காது." பாபு வாய் மறுபடி பூட்டு. கூடையோடு நின்ற பெண்களும் தலையாட்டினார்கள். அதுதான் ஜாஸ்தி எரிகிறது.

19-2, வியாழன்

சுமதி பாட்டில்களோடு முதல் பஸ்ஸில் சிதம்பரம் போனாள். போட்டில் ஆண்கள் மட்டும்.

திரும்பி வந்தபோது நானே போய் நின்றேன். நேற்றைவிடக் கம்மி. கூடையின் அடி தெரிகிறது.

"இன்னிக்கு எவ ஏறுனா?" என்றேன், அத்தனை பேர் முன்னால்.

ஏழுமலை வலையை உதறிக்கொண்டே, "கடலு அப்படித்தான் அண்ணி. ஒருநாள் குடுக்கும், ஒருநாள் குடுக்காது."

நேற்று அவள் கால். இன்று கடல்.

ஹேண்டிலைக் கையோடு எடுத்து வந்து பானைக்குள் வைத்துவிட்டேன். இந்த முறை அரிசியை வேறு பானைக்கு மாற்றியாயிற்று.