வெள்ளைச் சுவர்கள்

என் தங்கமே,

வீடு எப்படி இருக்கிறதென்று போனில் கேட்கும்போதெல்லாம் அப்பா பக்கத்தில் இருப்பார். அதனால் எழுதுகிறேன்.

வீடு அழகாக இருக்கிறது. வீடுகளை அலங்கரிப்பது உன் தொழில். அப்பாவின் மறதிக்கு வெளிச்சமும் வெள்ளைச் சுவரும் நல்லதென்று பழையதையெல்லாம் கழித்துவிட்டு, பார்த்துப் பார்த்துச் செய்தாய். உன்மேல் குறையே இல்லை.

ஆனால் கைப்பிடி இல்லாத அந்தக் கதவுகளில் எது குளியலறை, எது அலமாரி என்று அவருக்குப் பிடிபடவில்லை. சுவரைத் தடவிக்கொண்டே நிற்பார். பிறகு நான் துணி மாற்றிவிடுவேன்.

சாயங்காலமானால் செருப்பை மாட்டிக்கொண்டு, "கிளம்பலாமா? எத்தனை நாள்தான் ஹோட்டல்லயே இருக்கிறது?" என்பார். பழைய சோபாவையாவது திரும்ப வாங்கலாமென்று, நீ அதைப் போட்ட பழைய சாமான் கடைக்கு ஓடினேன். விற்றுவிட்டார்களாம்.

இன்று வேறு வழியில்லாமல் வாசல் கதவைப் பூட்டினேன். அவர் கோபப்படவில்லை. என்னைப் பார்த்துக் கைகூப்பினார்.

"நல்லா கவனிச்சுக்கிட்டீங்கம்மா. கதவைத் திறந்துவிடுங்க. வீட்டுல என் சம்சாரம் தனியா இருப்பா."

"அவங்க இங்கேயே வந்துடுவாங்க, உட்காருங்க" என்றேன். வேறென்ன சொல்ல?

வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில்தான் இருக்கிறேன். எனக்காகக் காத்திருக்கிறார்.

உன் அம்மா